மூடியின் உள்பக்கம்

மாதகல் கரையில் நிண்டு கையைத் தூக்கினால்
ஃபோன் இந்தியாவுக்குப் போய்விடும்.
'உங்களை அன்புடன் வரவேற்கிறோம்' எண்டு ஒரு செய்தி.
கையை இறக்கத் திரும்பி வந்துவிடும்.
கடவுச்சீட்டு இல்லாமல்
ஒரு நாளைக்கு எத்தனை தரம்.

பழைய ஐஸ் தொழிற்சாலைக் கட்டிடத்தில் எங்கள் வகுப்பு.
கடல் இயந்திரத் திருத்தம், ஆறு மாதம்.
பதினொரு பெடியள், பிறகு நானும் பெனிற்றாவும்.
தருகிற கொடுப்பனவு
பஸ்சுக்கும் ஒரு ரோல்சுக்கும் காணும்,
பிளேன்ரீ கடன்.

படிவத்தில் எங்களுக்குப் பெயர் 'பயனாளி'.
சொந்த வள்ளம் உண்டா, இல்லையா?
'இல்லை'க்கு நேரே சரி போட்டேன்.
இருந்தது எண்டு போட
அதில் பெட்டி இல்லை.

முதல் மாதம் முழுக்கக் கரும்பலகையில்தான் எஞ்சின்.
சோக்கட்டியால் பிஸ்ரன், சோக்கட்டியால் வால்வு.
அழித்தால் கை வெள்ளையாகும்,
எண்ணெய் மணக்காது.

பிறகு ஒரு வியாழக்கிழமை
லொறியில் வந்து இறங்கியது உண்மை எஞ்சின்.
ஆறு சிலிண்டர்.
எல்லை தாண்டிப் பிடிபட்ட இழுவைப்படகு,
வழக்கு முடிந்து, படகு சிதைந்து,
மிஞ்சியது இது.

ஒருவரும் கிட்டப் போகவில்லை.

அண்ணாவின் வலை போன மாசியில் அறுந்தது.
விடிய மிதப்புக்கட்டைகள் மட்டும் கரைக்கு வந்தன,
வீட்டுக்காரர் இல்லாத வீட்டுக்கு
விருந்தாளிகள் வந்தமாதிரி.
இப்ப அவன் போலந்தில் இறைச்சி பொதி செய்கிறான்.
எங்கட மேசையைச் சுற்றி
இந்தக் கதை இல்லாத ஆள் இல்லை.

சுவக்கீன் எஞ்சின்மேல் காறித் துப்பினான்.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு அவனே துணி எடுத்துத் துடைத்தான்:
'துருப்பிடிச்சிடும்.'

அப்படித்தான் தொடங்கினோம்.
உப்பு இறுகின போல்ட் ஒவ்வொண்டுக்கும்
மண்ணெண்ணெய் விட்டு, ஒரு இரவு காத்திருந்து.
காற்று வடிகட்டியின் மூடி எனக்கு வந்தது.
திருப்பினேன்.
உள்பக்கம், வெள்ளைப் பெயின்ரால், அவசரக் கையெழுத்து:

*ஆயில் மாத்தணும். 12ம் தேதி.*

பதின்மூன்று தலையும் குனிந்து வாசித்தன.
'தேதியாம்' எண்டு பெனிற்றா சிரித்தாள்.
நாங்கள் திகதி எண்டுதான் எழுதுவோம்.
நடுவில் கிடக்கிற கடல் முழுக்க
அந்த ஒரு எழுத்துக்குள் நிண்டது.

எந்த மாதத்துப் பன்னிரண்டு எண்டு அவன் எழுதவில்லை.
என் வயதாய் இருக்கலாம்.
முதலாளியின் படகில் கூலிக்கு நிண்டிருக்கலாம்.
எண்ணெய் மாற்றினானோ என்னவோ.
அடித்தட்டைக் கழற்றினால்
தார்மாதிரிக் கறுத்து வழிந்தது.
மாற்றவில்லை.

அதுக்காக மன்னித்துவிட்டேன் எண்டு நினைக்கவேண்டாம்.
அண்ணாவின் ஃபோன் அழைப்பில்
பின்னால் இன்னும் அந்தக் குளிர்அறை இரைகிறது.
கோபம் ஒரு பக்கம் கிடக்க
கை தன்பாட்டில் புது எண்ணெய் ஊற்றியது.

ஒண்டு, ஐந்து, மூண்டு, ஆறு, இரண்டு, நாலு.
எரியும் ஒழுங்கு இது.
பஸ்சில் முணுமுணுக்க
பக்கத்தில் இருந்த அம்மா
செபமாலை சொல்கிறேன் எண்டு நினைத்து
இடம் விட்டுத் தள்ளி இருந்தா.

ஐந்தாம் மாதம், மூன்றாம் உதைப்பில்,
கறுப்பாய் இருமி, பிறகு வெள்ளையாய் இருமி
பிடித்தது.
கூரைத் தகரத்தில் இருந்த புறா எல்லாம் கிளம்பின.
பெடியள் கத்தினதில்
நான் அழுதது கேட்கவில்லை.

சோதனை வருகிற கிழமை.
சான்றிதழ் கிடைத்தால் வேலை கிடைக்குமா எண்டு
யாரும் எழுதித் தரவில்லை.
சுவக்கீன் இப்பவே ஏஜென்சிக்குப் படம் குடுத்திட்டான்.
பெனிற்றா மயிலிட்டியில் ஒரு கொட்டில் பார்த்திருக்கிறாள்,
பாதி வாடகை என்னுடையதாம்.
ஓம் எண்டும் சொல்லவில்லை, இல்லை எண்டும் சொல்லவில்லை.

மூடியைத் திரும்பப் பூட்டமுன்
அவன் எழுத்துக்குக் கீழே நான் எழுதினேன்:

*மாத்தியாச்சு. திகதி 27.*

மாதத்தை நானும் எழுதவில்லை.